அமெச்சூர் ரேடியோ வலைப்பின்னல்களில் டனலும் ரவுட்டிங்கும்: முழுமையான வழிகாட்டி

ரேடியோ எட்டாத தொலைவில் இருக்கும் இரண்டு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) வலைப்பின்னல்களை இணையத்தின் வழியாக டனல் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் மெய்நிகர் இணைப்பு) போட்டு இணைத்த பிறகு, அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ரவுட்டிங் (பாக்கெட்டுகளுக்கு வழி தேர்ந்தெடுக்கும் வேலை) புரியாத வகையில் நடக்கத் தொடங்குவது அடிக்கடி நிகழ்வதுதான். பிங் போகும், வலைப்பக்கம் திறக்காது. நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு இருந்தும் பாக்கெட்டுகள் அதை விட்டுவிட்டு இணையத்தைச் சுற்றிக்கொண்டு போகும். டனல் எழும், சிறிது நேரத்தில் விழும், மறுபடி எழும். இவை தனித்தனிக் கோளாறுகளாகத் தோன்றினாலும் வேர் ஒன்றே: ரவுட்டிங் நெறிமுறையின் பார்வையில் டனல் என்பது ஒரே தாவலில் (ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஓர் அடியில்) நிற்கும் அண்டை ரவுட்டர். அந்த ஒரு தாவலுக்குள் எத்தனை ரவுட்டர்கள், எவ்வளவு தாமதம், எவ்வளவு சிறிய பாக்கெட் வரம்பு, எந்த ஃபயர்வால் என்பதெல்லாம் அதன் கண்ணுக்குத் தெரியாது. நெறிமுறைக்குத் தெரியாததை அதற்கு எடுத்துச் சொல்வது வலைப்பின்னலை அமைப்பவரின் வேலை. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த வேலையின் ஒரு பகுதிதான்.

உலகளாவிய ஹாம் முகவரித் தொகுதியான 44நெட்டின் டனல் அமைப்பை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அதை நன்றாகப் புரிந்துகொண்டவருக்கு ஐரோப்பாவின் ஹாம்நெட், அமெரிக்காவில் தோன்றிய ஏஆர்இடிஎன், சியாட்டில் பகுதியின் ஹாம்வான் ஆகிய ஹாம் வலைப்பின்னல்கள் எளிதாகப் பிடிபடும்.

44நெட்: களத்தை முதலில் அறிந்துகொள்ளுதல்

44.0.0.0/8 (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் பெரிதானால் தொகுதி சிறிதாகும்) என்ற முழுத் தொகுதியும் 1981இல் ஹாங்க் மாக்னஸ்கியின் முயற்சியால் அமெச்சூர் பாக்கெட் ரேடியோவுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் 1,67,77,216 முகவரிகள் இருந்தன. தொகுதியைப் பேணும் ஏஆர்டிசி என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 2019இல் 44.192.0.0/10 பகுதியை அமேசானுக்கு விற்றது. ஆகவே இன்று ஹாம்களிடம் இருப்பவை 44.0.0.0/9, 44.128.0.0/10 ஆகிய இரண்டு துண்டுகள் மட்டுமே. இது வரலாற்றுத் தகவல் என்று கடந்துபோக வேண்டாம். விற்பனைக்கு முன் எழுதப்பட்ட கட்டமைப்புக் கோப்புகள் இன்னும் பலரிடம் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அவற்றில் 44.0.0.0/8 முழுவதையும் டனலுக்குள் அனுப்பும் விதி இருக்கும். அதை அப்படியே வைத்துக்கொண்டால் அமேசான் முகில் சேவையின் ஒரு பெரும்பகுதி உங்கள் வலைப்பின்னலிலிருந்து எட்டாமல் போய்விடும்.

44 முகவரி ஒன்று இணையத்தைச் சேர இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், குறைந்தது /24 அளவுள்ள (256 முகவரிகள் கொண்ட) சப்நெட்டை, அதாவது துணைத் தொகுதியை, ஏஆர்டிசியின் ஒப்புதல் கடிதத்தோடு, ஏதேனும் ஒரு சேவை நிறுவனத்தின் மூலம் பிஜிபியில் (வலைப்பின்னல்கள் தங்களுக்குள் வழிகளை அறிவிக்கும் நெறிமுறையில்) நேரடியாக அறிவிக்கலாம். ஹாம்வான் தன் 44.24.240.0/20 தொகுதியை இப்படித்தான் அறிவிக்கிறது. இரண்டாவது வழி, சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கேட்வே (இரு வலைப்பின்னல்களை இணைக்கும் வாயில் ரவுட்டர்). நேரடியாக அறிவிக்கப்படாத 44 முகவரிகளுக்கு இணையத்திலிருந்து வரும் பாக்கெட்டுகள் அங்கே சேர்ந்து, ஐபிஐபி டனல் மூலம் உலகெங்கும் உள்ள சிறு கேட்வேக்களுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. அந்தச் சிறு கேட்வேக்கள் தங்களுக்குள் பேசும்போது சான் டியாகோவைச் சுற்றிப் போகத் தேவையில்லை; ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றுக்கும் நேரடியாக டனல் வைத்திருக்கும் முழு வலை அது.

படி 1: கேட்வேக்கு ஏற்ற இணைய இணைப்பைத் தேர்ந்தெடுத்தல்

ஐபிஐபி டனல் மிக எளிமையானது. ஒரு கடித உறையை அப்படியே இன்னோர் உறைக்குள் போட்டு வேறு முகவரி எழுதுவதுபோல, உள் பாக்கெட்டின் முன்னால் 20 பைட் நீளமுள்ள இன்னோர் ஐபி தலைப்பகுதி சேர்க்கப்படுகிறது; அவ்வளவுதான். வெளித் தலைப்பகுதியில் நெறிமுறை எண் 4 என்று இருக்கும். இணையத்தின் வழக்கமான போக்குவரத்து நெறிமுறைகளான டிசிபியும் இல்லை, யூடிபியும் இல்லை. எனவே போர்ட் எண் என்ற ஒன்றே இல்லை.

போர்ட் எண் இல்லாததால் வரும் விளைவு பெரிது. வீட்டு ரவுட்டரில் போர்ட் ஃபார்வேர்டிங் செய்து ஐபிஐபியை உள்ளே கொண்டுவர முடியாது. வீட்டு ரவுட்டரில் டிஎம்இசட் வசதி (வெளியிலிருந்து வருபவற்றை உள்ளே ஒரே கணினிக்கு அனுப்புவது) இருந்து, அது எல்லா நெறிமுறை எண்களையும் உள்ளே விடுமானால் அமைப்பு வேலை செய்யும். பல மலிவு ரவுட்டர்கள் டிசிபி, யூடிபி, ஐசிஎம்பி (பிங்குக்கும் பிழைச் செய்திகளுக்குமான நெறிமுறை) தவிர மற்றவற்றைச் சத்தமில்லாமல் கைவிடும். சேவை நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும் சிஜிநாட் இணைப்பில், இந்தியாவின் மொபைல் இணைப்புகள் உட்பட, ஐபிஐபிக்கு வழியே கிடையாது. அத்தகைய இணைப்பு மட்டுமே உள்ளவர், நிலையான பொது முகவரி கொண்ட மெய்நிகர் சர்வர் ஒன்றில் கேட்வேயை நிறுவிவிட்டு, அங்கிருந்து வீட்டுக்கு யூடிபி மீது ஓடும், குறியாக்கம் செய்யும் வயர்கார்டு டனலைப் போட்டுக்கொள்வதே உறுதியான வழி.

இங்கே ஓர் ஏமாற்றும் அறிகுறியைச் சொல்லிவிட வேண்டும். நாட் (NAT, பல கருவிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை) ரவுட்டருக்குப் பின்னால் கேட்வே இருக்கும்போது, அது சான் டியாகோவுக்கு ஒரு ஐபிஐபி பாக்கெட்டை அனுப்பியதும், ரவுட்டர் அந்த ஒரு முகவரியிலிருந்து வரும் பதில்களை மட்டும் நினைவில் வைத்து உள்ளே விடலாம். அதனால் இணையத்துடனான தொடர்பு ஒழுங்காக இருக்கும், ரவுட்டிங் அறிவிப்புகளும் வந்து சேரும். மற்ற ஹாம் கேட்வேக்கள் முதலில் பேச்சைத் தொடங்கினால் மட்டும் எதுவும் வராது. தொலைவிலுள்ள நண்பரின் ரவுட்டரைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சோதித்துவிடுங்கள்.

படி 2: டனல் இன்டர்ஃபேஸையும் பாக்கெட் அளவையும் சரியாக வைத்தல்

44நெட்டின் முழு வலைக்கு லினக்ஸில் ஒரே ஒரு டனல் இன்டர்ஃபேஸ் போதும். எந்தச் சப்நெட்டுக்கு எந்தப் பொது முகவரி என்பதை ரவுட்டிங் அட்டவணையே சொல்லும்; அடுத்த தாவலாக எழுதப்படும் முகவரிதான் வெளி உறையின் பெறுநர் முகவரியாகிறது. அந்த அடுத்த தாவல் உண்மையில் டனல் இன்டர்ஃபேஸின் சப்நெட்டில் இல்லாததால், அதை நேரடியாக எட்டக்கூடியதாகக் கருதும்படி கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கர்னல் அந்த வழியை ஏற்க மறுக்கும்.

அடுத்தது எம்டியூ, அதாவது துண்டாக்காமல் அனுப்பக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு. ஈதர்நெட்டின் 1500 பைட்டில் 20 போனால் ஐபிஐபிக்கு 1480 எஞ்சும். பிராட்பேண்ட் இணைப்பு பிபிபிஓஇ வழியாக வருமானால் அதற்கும் 8 பைட் போய் 1472 ஆகும். ஜிஆர்இ என்ற இன்னொரு வகை டனலுக்கு 24 பைட் தேவை, எனவே 1476. வயர்கார்டு ஐபிவி4 மீது 60 பைட்டும் ஐபிவி6 மீது 80 பைட்டும் எடுத்துக்கொள்கிறது. அதன் இயல்பு மதிப்பு 1420 ஆக இருப்பது இதனால்தான். டனலுக்குள் டனல் போடுபவர்கள் ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியாகக் கழிக்க வேண்டும்.

எண்ணைத் தவறாக வைத்தால் பிங்கும் பெயர்த் தேடலும் வேலை செய்யும், ஏனெனில் அவை சிறிய பாக்கெட்டுகள். பெரிய பாக்கெட் வந்ததும் எல்லாம் நிற்கும். வழியில் எம்டியூ சிறிதாக இருப்பதைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி செய்தி எங்கோ ஒரு ஃபயர்வாலில் தடுக்கப்படுவதால், அனுப்புபவருக்குக் காரணமே தெரியாது. ஆகவே டனல் வழியாகப் போகும் டிசிபி இணைப்புகளின் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் அடங்கும் அதிகபட்சத் தரவு) மதிப்பை எம்டியூவிலிருந்து 40 கழித்து, அதாவது ஐபிஐபிக்கு 1440 என்று, கேட்வேயிலேயே குறைத்துவிடுவது நல்லது. சோதனைக்கு, துண்டாக்கத் தடை போட்ட பிங்கில் 1452 பைட் தரவு போக வேண்டும். 1453 போகக் கூடாது. 28 பைட் தலைப்பகுதிகள் சேர்ந்து சரியாக 1480 ஆகும்.

வெளி உறையின் டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்ற எண்) மதிப்பை உள் பாக்கெட்டிலிருந்து நகலெடுக்க விடாமல் 64 என்று நிலையாக வையுங்கள். பல ரவுட்டிங் நெறிமுறைகள் தங்கள் அறிவிப்புகளை டிடிஎல் 1 என்றே அனுப்புகின்றன; அது வெளி உறைக்கும் நகலானால் இணையத்தின் முதல் ரவுட்டரிலேயே பாக்கெட் செத்துவிடும்.

படி 3: ரிப்44 மூலம் வழிகளைப் பெறுதல்

நூற்றுக்கணக்கான கேட்வேக்களின் பொது முகவரிகளைக் கையால் எழுதிக்கொண்டிருக்க முடியாது; அவற்றில் பல அடிக்கடி மாறக்கூடியவை. இதற்காக 44நெட் பயன்படுத்துவது ரிப் என்ற ரவுட்டிங் நெறிமுறையுடைய இரண்டாம் பதிப்பின் சற்றே மாறிய வடிவமான ரிப்44. லினக்ஸில் இதைக் கேட்டு வழிகளை எழுதும் பின்னணி நிரல் ஆம்ப்ர்-ரிப்டி.

வழக்கமான ரிப்பில் அண்டை ரவுட்டர்கள் 30 விநாடிக்கு ஒருமுறை தங்கள் அட்டவணையை ஒருவருக்கொருவர் அறிவிப்பார்கள். 180 விநாடி செய்தி வராவிட்டால் வழி காலாவதியாகும். 16 தாவல் என்றால் எட்ட முடியாதது என்று பொருள். ரிப்44 உருவத்தில் மட்டுமே அதைப் போன்றது. 44.0.0.1 என்ற மூல முகவரியிலிருந்து 224.0.0.9 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே பாக்கெட் பலரைச் சேரும்) முகவரிக்கு, யூடிபி 520 போர்ட்டில், ஏறத்தாழ 5 நிமிடத்துக்கு ஒருமுறை அறிவிப்புகள் வருகின்றன. ஆனால் மல்டிகாஸ்ட் இணையத்தில் பயணிக்காது என்பதால், அந்தப் பாக்கெட் ஒவ்வொரு கேட்வேக்கும் தனித்தனி ஐபிஐபி உறையில் அனுப்பப்படுகிறது. அடுத்த தாவல் என்ற புலத்தில், வழக்கமான ரிப்புக்கு மாறாக, அந்தச் சப்நெட்டின் கேட்வே வைத்திருக்கும் பொது இணைய முகவரி இடம்பெறுகிறது. உங்கள் கேட்வே திருப்பி எதையும் அறிவிப்பதில்லை; உங்கள் விவரங்களை ஏஆர்டிசியின் இணையதளத்தில் பதிவு செய்வதோடு உங்கள் பங்கு முடிகிறது.

அதாவது ரிப்44 வழிகளைப் பரப்புகிறதே தவிர, அந்த வழி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஒரு கேட்வேயின் மின்சாரம் போனாலும் பதிவு இருக்கும்வரை அதற்கான வழி உலகெங்கும் உள்ள அட்டவணைகளில் நீடிக்கும். அனுப்பும் பாக்கெட்டுகள் வெறுமையில் மறையும். மாற்று வழி வேண்டும் என்பவர் அதை வேறொரு நெறிமுறையால்தான் அமைக்க முடியும். அதற்குப் படி 6 உதவும். மையத்திலிருந்து தள்ளப்படும் இந்த எளிய அமைப்பை நான் குறையாகக் கருதவில்லை. ஒரு கேட்வேயில் நேரும் தவறான கட்டமைப்பு மற்றவர்களின் அட்டவணையைக் கெடுக்க முடியாது என்ற பெரிய பாதுகாப்பு அதில் இருக்கிறது. தன்னார்வலர்கள் நடத்தும் வலைப்பின்னலுக்கு அது மதிப்புமிக்க பண்பு.

அறிவிப்பு வந்தும் நிரல் எதையும் எழுதவில்லையென்றால் முதலில் கர்னலின் திரும்பும் வழிச் சோதனையைப் பாருங்கள். 44.0.0.1க்குத் திரும்பும் வழி டனல் இன்டர்ஃபேஸ் வழியாக இல்லாத நிலையில் அந்தப் பாக்கெட் போலியானது என்று கருதப்பட்டுக் கைவிடப்படும். டனல் இன்டர்ஃபேஸுக்கு அந்தச் சோதனையை நிறுத்தி வைக்க வேண்டும்.

படி 4: உள் பாக்கெட்டுக்கு ஒரு அட்டவணை, வெளி உறைக்கு இன்னொன்று

டனலும் ரவுட்டிங்கும் மோதிக்கொள்ளும் மையமான இடம் இதுதான். நேரம் எடுத்துக்கொண்டு செய்ய வேண்டிய படியும் இதுதான்.

டனலுக்குள் நுழையும் ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டு முறை ரவுட்டிங் முடிவைச் சந்திக்கிறது. உள் முகவரிக்கு ஒரு முறை, உறையிட்ட பின் வெளி முகவரிக்கு இன்னொரு முறை. இரண்டாவது முடிவும் டனலையே காட்டினால் பாக்கெட் தன்னைத்தானே சுற்றத் தொடங்கும். 44நெட்டில் இது கற்பனை இல்லை: சில கேட்வேக்களின் பொது முகவரியே, பிஜிபியில் நேரடியாக அறிவிக்கப்பட்ட 44 முகவரியாக இருக்கிறது. 44க்குச் செல்லும் அனைத்தையும் டனலுக்குள் அனுப்பு என்று பொதுவாக விதி எழுதியவரின் கேட்வேயில், அந்த வெளி உறையும் டனலை நோக்கித் திரும்பும். லினக்ஸ் கர்னல் இந்தச் சுழலைக் கண்டுபிடித்துப் பாக்கெட்டைக் கைவிட்டு, டனல் இன்டர்ஃபேஸின் மோதல் எண்ணிக்கையை ஒன்று கூட்டும். டனலில் மோதல் என்பதற்குப் பொருளே இல்லை. எனவே அந்த எண்ணிக்கை ஏறுவதைக் கண்டால் காரணம் இந்தச் சுழல் என்று துணிந்து சொல்லலாம்.

அண்டை ரவுட்டர்களோடு பேசி வழிகளைக் கற்கும் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்ற நெறிமுறைகளில் இதே தவறு வேறு முகம் காட்டும். டனல் எழுகிறது, அதன் வழியாக, டனலின் மறுமுனை இருக்கும் பொதுச் சப்நெட்டுக்கே ஒரு குறிப்பான வழி கற்றுக்கொள்ளப்படுகிறது, வெளி உறை அந்த வழியில் போக முயல்கிறது, டனல் விழுகிறது, கற்ற வழி நீங்குகிறது, டனல் மீண்டும் எழுகிறது. சீரான இடைவெளியில் எழுந்து விழும் டனலுக்கு இதைவிடச் சாத்தியமான காரணம் அரிது.

தீர்வு மூன்று அளவுகளில் உண்டு. டனல்கள் ஒன்றிரண்டு மட்டும் என்றால், ஒவ்வொரு மறுமுனைக்கும் இணையச் சேவை நிறுவனத்தின் கேட்வே வழியாக ஒரு நிலையான /32 வழி எழுதுவது போதும். 44நெட் போன்ற முழு வலைக்கு, ரிப்44 தரும் வழிகளைத் தனி அட்டவணையில் வைத்து, மூல முகவரி 44ஆக உள்ள பாக்கெட்டுகளும் ஹாம் பக்க இன்டர்ஃபேஸிலிருந்து நுழையும் பாக்கெட்டுகளும் மட்டும் அந்த அட்டவணையைப் பார்க்கும்படி விதி அமைக்க வேண்டும். வெளி உறையின் மூல முகவரி சேவை நிறுவனம் தந்த பொது முகவரி என்பதால், அது முதன்மை அட்டவணையையே பார்க்கும், சுழல் உருவாகாது. பெரிய அமைப்புகளில் விஆர்எஃப் அல்லது தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே கணினியில் தனித்தனி ரவுட்டிங் உலகங்களை வைக்கும் வசதிகள்) மூலம் இரண்டு உலகங்களையும் முற்றாகப் பிரித்துவிடலாம். நான் பரிந்துரைப்பது இதையே, ஏனெனில் மறந்துபோன ஒரு விதியால் அது உடையாது.

மூல முகவரியைப் பார்த்து வழி தேர்வு செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் சேவை நிறுவனம் தான் தராத மூல முகவரியோடு வரும் பாக்கெட்டுகளைப் பெரும்பாலும் கைவிடும். 44 முகவரியிலிருந்து இணையத்துக்குச் செல்லும் பதில்கள் நேரடியாக வெளியேற முடியாது. அவை சான் டியாகோ கேட்வேக்கு உறையிட்டு அனுப்பப்பட வேண்டும். எனவே தனி அட்டவணையின் இயல்பு வழி அந்த கேட்வேயைக் காட்ட வேண்டும். இணையத்திலிருந்து உள்ளே வரும் திசையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த முகவரிக்கு 44நெட்டின் ஏஎம்பிஆர் (ampr.org) டொமைனில் பெயர்ப் பதிவு இல்லையென்றால் சான் டியாகோ கேட்வே பாக்கெட்டை அனுப்பாது. கட்டமைப்பு முழுவதும் சரியாக இருந்தும் வெளியிலிருந்து எதுவும் வராதபோது இதை நினைவில் கொள்ளுங்கள்.

படி 5: உங்கள் சொந்த சப்நெட்டுக்கு ஒரு தடுப்பு வழி

உங்களுக்கு ஒரு /24 ஒதுக்கப்பட்டு, அதில் ஒரு /28 மட்டும் பயன்பாட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயன்படாத முகவரி ஒன்றுக்கு வரும் பாக்கெட் உங்கள் கேட்வேக்கு வரும். அங்கே பொருத்தமான வழி இல்லாததால் இயல்பு வழியில் சான் டியாகோவுக்குத் திரும்பும். அங்கிருந்து மீண்டும் உங்களிடம் வரும். டிடிஎல் தீரும்வரை இந்தப் பந்தாட்டம் நடக்கும். இணையத்தில் எந்நேரமும் முகவரிகளைத் துழாவும் நிரல்கள் ஓடிக்கொண்டிருப்பதால், இது உங்கள் அலைவரிசையை வீணாகத் தின்னும். முழு /24க்கும் எட்ட முடியாது என்று பதிலளிக்கும் வழி ஒன்றைத் தனி அட்டவணையில் எழுதிவிட்டால், குறிப்பான /28 வழி முதலில் பொருந்தும், மற்றவை அங்கேயே முடியும்.

படி 6: மாற்று வழி வேண்டுமானால் ஓஎஸ்பிஎஃப் அல்லது பிஜிபி

உங்கள் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களும், அவற்றுக்கிடையே ரேடியோ இணைப்பும் டனலும் இருக்குமானால், உயிரோட்டத்தைக் கண்காணிக்கும் நெறிமுறை தேவை. முதல் விதி: 44நெட்டின் பல முனை ஐபிஐபி இன்டர்ஃபேஸ் மீது ஓஎஸ்பிஎஃப்பை ஓட்ட முயலாதீர்கள். ஓஎஸ்பிஎஃப் தன் அண்டையை 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் மூலம் தேடுகிறது. அந்த இன்டர்ஃபேஸுக்கு மல்டிகாஸ்டை எந்த முனைக்கு அனுப்புவது என்று தெரியாது. ஒவ்வொரு அண்டைக்கும் இரு முனை மட்டுமுள்ள தனி டனலைப் போடுங்கள். ஐபிவி6ஐயும் ஒரே டனலில் அனுப்ப விரும்பினால் ஜிஆர்இ பொருத்தமானது.

இரு முனைகளிலும் எம்டியூ ஒன்றாக இல்லாவிட்டால் ஓஎஸ்பிஎஃப் அண்டைகள், தரவுப் பரிமாற்றம் தொடங்குவதற்கு முந்தைய எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நின்றுவிடும். ஹலோ செய்திகள் போய்வந்துகொண்டிருக்கும், அண்டையின் பெயரும் தெரியும், வழிகள் மட்டும் வராது. எம்டியூ ஒப்பீட்டைப் புறக்கணிக்கும் விருப்பத்தை இயக்கி இதை மறைப்பவர்கள் உண்டு. அது நோயை விட்டுவிட்டு அறிகுறியை மட்டும் அகற்றும் செயல். பெரிய தரவுத்தள பாக்கெட் வரும் நாளில் அண்டை உறவு மீண்டும் முறியும்.

மெதுவான ரேடியோ இணைப்புகளில் ஓஎஸ்பிஎஃப் ஏற்றதன்று. ஓர் அண்டையைக் கொண்ட ஹலோ செய்தி ஐபி தலைப்பகுதியோடு 68 பைட்; பாக்கெட் ரேடியோவின் ஏஎக்ஸ்.25 சட்டகத்தில் ஏறக்குறைய 88 பைட். 1200 பாட் பாக்கெட் ரேடியோவில் இதை அனுப்ப 0.6 விநாடி ஆகிறது. இரு முனைகளும் 10 விநாடிக்கு ஒருமுறை அனுப்பினால், டிரான்ஸ்மிட்டர் எழும் நேரத்தைச் சேர்க்காமலேயே, அலைவரிசையின் 12 விழுக்காடு வெறும் நலம் விசாரிப்பில் கரைகிறது. அங்கே நிலையான வழிகளே போதும்.

ஜெர்மனி, ஆஸ்திரியா மற்றும் அண்டை நாடுகளில் பரவியுள்ள ஹாம்நெட் பிஜிபியைத் தேர்ந்தெடுத்தது. தனிப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட 32 பிட் ஏஎஸ் எண்களை (பிஜிபியில் ஒவ்வொரு வலைப்பின்னலையும் அடையாளம் காட்டும் எண்களை) அங்கே பயன்படுத்துகிறார்கள். பல குழுக்கள், பல நிர்வாகிகள் என்று பிரிந்து கிடக்கும் வலைப்பின்னலுக்கு இது நல்ல முடிவு: எந்த அண்டையிடமிருந்து எதை ஏற்பது, எதை அறிவிப்பது என்பதை ஒவ்வொரு தளமும் தானே தீர்மானிக்கலாம். டனல் வழியாக வரும் வழிகளுக்கு லோக்கல் ப்ரிஃபரன்ஸ் (நாம் எந்த வழியை விரும்புகிறோம் என்ற) மதிப்பைக் குறைத்தும், டனல் வழியாக அறிவிக்கும்போது ஏஎஸ் பாதையை நீட்டியும், ரேடியோவுக்கு முன்னுரிமை தரலாம். இரண்டையும் செய்ய வேண்டும். முதலாவது உங்களிடமிருந்து வெளியேறும் திசையையும், இரண்டாவது உங்களை நோக்கி வரும் திசையையும் ஆள்கின்றன. அண்டையிடமிருந்து செய்தி வராமல் பிஜிபி காத்திருக்கும் ஹோல்ட் டைமின் பரிந்துரை மதிப்பு 90 விநாடி. டனல் இறந்ததை அதைவிட விரைவாக அறிய, இணைப்பின் உயிரோட்டத்தை மட்டும் அடிக்கடி சோதிக்கும் பிஎஃப்டி நெறிமுறையைச் சேர்க்கலாம்.

படி 7: மெட்ரிக் மூலம் உண்மையைச் சொல்லுதல்

ஏஆர்இடிஎன் வலைப்பின்னல்கள் நெடுங்காலம் பயன்படுத்திய ஓஎல்எஸ்ஆர் நெறிமுறை, ஒரு பாக்கெட்டை வெற்றிகரமாகச் சேர்க்க எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்ற எதிர்பார்ப்பை மெட்ரிக்காக, அதாவது வழியின் செலவு மதிப்பாகக் கொள்கிறது. இரு திசைகளிலும் 90 விழுக்காடு சேரும் ரேடியோ இணைப்புக்கு மதிப்பு 1.23. அப்படி இரண்டு தாவல் சேர்ந்தால் 2.47. இழப்பில்லாத இணைய டனலுக்கோ மதிப்பு 1.0, அது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் சுற்றினாலும் சரி. நெறிமுறை தன் கணக்கில் தவறவில்லை. டனலின் நீளம் அதற்குக் காட்டப்படவில்லை.

இதன் விளைவு வேகக் குறைவு மட்டுமன்று. அவசரகாலத் தொடர்புக்காக ரேடியோ வலைப்பின்னல் கட்டுகிறோம். அன்றாடப் போக்குவரத்து முழுவதும் டனலில் போய்க்கொண்டிருந்தால், புயலில் இணையம் அறுந்த அன்றுதான் ரேடியோப் பாதை முதல்முறையாகச் சுமையைத் தாங்கும். மழையில் நனைந்த கனெக்டரும், திசை மாறிய டிஷ்ஷும் அன்றுதான் தெரியவரும். ஆகவே டனலை எப்போதும் இரண்டாம் தேர்வாக வைப்பது தொழில்நுட்ப விருப்பம் அல்ல, இந்த வலைப்பின்னல் எதற்காக இருக்கிறதோ அதன் கட்டாயம்.

ஏஆர்இடிஎன் அண்மைய வெளியீடுகளில் ஏற்றுக்கொண்ட பேபல் நெறிமுறையில் இதைச் செய்வது எளிது. பேபல்டி நிரல் ரேடியோ இன்டர்ஃபேஸுக்கு 256, கம்பி இன்டர்ஃபேஸுக்கு 96 என்ற அடிப்படைச் செலவை இயல்பாகக் கொள்கிறது. டனலைக் கம்பி வகையாக விட்டுவிட்டால், குறையே இல்லாத ரேடியோ இணைப்பையும் அது தோற்கடிக்கும். வெளிப்படையாக மதிப்பைக் கொடுங்கள்: உங்கள் வலைப்பின்னலில் ஏற்கத்தக்க மிக நீண்ட ரேடியோப் பாதையின் மொத்தச் செலவைக் கணக்கிட்டு, டனலுக்கு அதைவிடச் சற்று அதிகமாக வையுங்கள். நான்கு நல்ல ரேடியோத் தாவல்கள்வரை டனலைவிட மேல் என்றால் 1024க்கு மேல். பல டனல்களுக்கிடையே தேர்வு செய்ய, சுற்றுப்பயண நேரத்தை மெட்ரிக்கில் சேர்க்கும் பேபலின் நீட்டிப்பு 2024இல் ஆர்எஃப்சி 9616 ஆக வெளிவந்தது. அருகிலுள்ள டனலையும் கண்டம் கடந்த டனலையும் அது பிரித்தறியும்.

ஓஎஸ்பிஎஃப்பிலும் இதே சிந்தனைதான். டனல் இன்டர்ஃபேஸின் அலைவரிசையை மென்பொருள் ஊகித்துக் கணக்கிடும் செலவை ஒருபோதும் நம்பாமல், எண்ணைக் கையால் எழுதுங்கள்.

படி 8: வயர்கார்டைப் பயன்படுத்தும்போது

சிஜிநாட்டைத் தாண்டுவதால் வயர்கார்டு இன்று பரவலாகிவிட்டது. ஏஆர்இடிஎன்னிலும் பழைய விடன் (vtun) டனல்களின் இடத்தை அது பிடித்திருக்கிறது. ஆனால் அதற்குள் இன்னொரு ரவுட்டிங் அட்டவணை ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு இணையருக்கும் (டனலின் மறுமுனைக்கும்) எழுதப்படும் அனுமதிக்கப்பட்ட முகவரிப் பட்டியல், வெளியேறும் பாக்கெட் எந்த இணையருக்கு என்பதையும், உள்ளே வரும் பாக்கெட்டை ஏற்கலாமா என்பதையும் தீர்மானிக்கிறது. ஒரே இன்டர்ஃபேஸில் பல இணையர்கள் இருந்தால் ஒரே முகவரி இருவர் பட்டியலில் இருக்க முடியாது; பேபல் வழியை மாற்றினாலும் வயர்கார்டு பழைய இணையருக்கே அனுப்பும், அல்லது பாக்கெட்டைக் கைவிடும்.

எனவே ஓர் இணையருக்கு ஓர் இன்டர்ஃபேஸ் என்று அமைத்து, அனுமதிக்கப்பட்ட முகவரியாக ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் அனைத்தையும் கொடுத்து, நிறுவும் கருவி தானாக வழி எழுதுவதை நிறுத்திவிடுங்கள். மல்டிகாஸ்ட் முகவரிகளும் அதில் அடங்கிவிடும். பேபலுக்கு ஐபிவி6 லிங்க் லோக்கல் முகவரி (அந்த ஒரு இணைப்புக்குள் மட்டும் செல்லும் முகவரி) கட்டாயம். வயர்கார்டு இன்டர்ஃபேஸ் அதைத் தானாக உருவாக்காது என்பதால் இரு முனையிலும் கையால் கொடுக்க வேண்டும். நாட் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் முனையில் 25 விநாடிக்கு ஒருமுறை உயிர்ப்புச் செய்தி அனுப்பும்படி வையுங்கள். இப்படிச் சுதந்திரமாகத் திறந்துவிட்ட டனலில், அண்டையிடமிருந்து எந்த வழிகளை ஏற்பது என்ற வடிகட்டியை ரவுட்டிங் நெறிமுறையில் எழுதுவது உங்கள் பொறுப்பு.

குறியாக்கம் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. சர்வதேச ரேடியோ ஒழுங்குமுறைகளின் 25.2ஏ விதி, வெவ்வேறு நாடுகளின் அமெச்சூர் நிலையங்களுக்கிடையே பொருளை மறைக்கும் நோக்கில் குறியாக்கம் செய்து ரேடியோவில் அனுப்புவதைத் தடுக்கிறது. அமெரிக்காவின் 97ஆம் பகுதி விதிகளும் அவ்வாறே. இணையத்தில் ஓடும் வயர்கார்டு டனலை இது தொடாது. அதே டனல் அமெச்சூர் அலைவரிசை ரேடியோ இணைப்பு ஒன்றின் மீது ஏறிப் போனால் விதிமீறலாகும். ரவுட்டிங் தானாக வழியை மாற்றும் வலைப்பின்னலில் இது கவனிக்காமல் நடந்துவிடக்கூடும்: வீட்டு இணையம் அறுந்ததும், டனலின் வெளி உறை ரேடியோ வழியாக இன்னொரு தளத்தின் இணையத்தைத் தேடிப் போகலாம். ரேடியோ இன்டர்ஃபேஸில் வயர்கார்டின் யூடிபி போர்ட்டை வெளியேறும் திசையில் ஃபயர்வாலில் தடுத்துவிடுங்கள்.

படி 9: சோதிக்கும் வரிசை

கீழிருந்து மேலாகச் செல்லுங்கள். முதலில், கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியால் இணையப் பக்க இன்டர்ஃபேஸில் நெறிமுறை எண் 4 பாக்கெட்டுகள் இரு திசையிலும் தெரிகின்றனவா என்று பாருங்கள். அடுத்து டனல் இன்டர்ஃபேஸில் உறை நீங்கிய பாக்கெட்டுகள் தெரிய வேண்டும். முதலாவதில் தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால் குற்றம் ஃபயர்வாலில் இருக்கிறது. பின்னர் கர்னலிடம், குறிப்பிட்ட மூல முகவரியோடு குறிப்பிட்ட பெறுநருக்கு எந்த வழி என்று கேளுங்கள்; மூல முகவரி கொடுக்காமல் கேட்டால் முதன்மை அட்டவணையின் பதில் வந்து உங்களைத் திசைதிருப்பும். அதன்பின் 1452 பைட் பிங். பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட்டை இரு முனையிலிருந்தும் ஓட்டுங்கள், ஏனெனில் போகும் வழியும் வரும் வழியும் வேறாக இருப்பது டனல் வலைப்பின்னல்களில் இயல்பு.

கடைசியாக, இணையக் கேபிளைக் கழற்றுங்கள். வழிகள் ரேடியோவுக்கு மாற எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து, ஒரு பெரிய கோப்பை ரேடியோப் பாதையில் அனுப்பிப் பார்த்து, பின் கேபிளை மாட்டுங்கள். ரேடியோப் பாதை நன்றாக இருக்கும்போது போக்குவரத்து டனலுக்குத் திரும்பிப் போனால், படி 7இல் கொடுத்த மதிப்பை உயர்த்திவிட்டு இந்தச் சோதனையை மறுபடி தொடங்க வேண்டும்.